சிவப்புக் கோடு எந்தப் பக்கம்?

நான் ரோட்டில் கோடு போடுகிறவள். என் வேலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது, இதைவிட மோசமாகவும் சொல்ல முடியாது. விழுப்புரத்தில் யார் கேட்டாலும் என் அம்மா இப்படித்தான் சொல்கிறாள். "நாலு வருஷம் சிவில் படிச்சிட்டு, தெனம் பஸ் ஏறிப் போய் திண்டிவனத்துல ரோட்ல கோடு போட்டுட்டு வர்றா." கேட்கிறவர்கள் என்னை ஏதோ கோலப் போட்டியில் தோற்றுவிட்டு வந்தவளைப் போலப் பார்ப்பார்கள்.

விஷயம் இதுதான். ஒரு தெருவுக்குக் கீழே குடிநீர்க் குழாய் போகிறது, சாக்கடைக் குழாய் போகிறது, மின்சாரக் கேபிள் போகிறது, போன் கேபிள் போகிறது, எப்போதோ செத்துப்போன இன்னொரு போன் கேபிளும் எடுப்பாரில்லாமல் கிடக்கிறது. மேலே நின்று பார்த்தால் தார் மட்டும்தான் தெரியும். புதிதாக ஒரு குழாய் பதிக்க வேண்டுமென்றால் எங்கே குத்துவது? இத்தனை காலமும் குத்திப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். தண்ணீர் பீய்ச்சியடித்தால் அங்கே குடிநீர்க் குழாய் இருந்தது என்று அர்த்தம். நாற்றம் வந்தால் சாக்கடை. தெருவில் ஒருவர் வீட்டிலும் போன் பேச முடியவில்லை என்றால் போன் கேபிள். மின்சாரக் கேபிளைக் குத்தியவர் மட்டும் திரும்பி வந்து சொல்லும் வாய்ப்புக் குறைவு.

இப்படியெல்லாம் ஆகக் கூடாது என்பதற்காகத்தான் நான் வேலை பார்க்கும் சின்ன கம்பெனியில் ஒரு கருவி வைத்திருக்கிறோம். பார்ப்பதற்குப் பூச்சிமருந்து அடிக்கிற தடி மாதிரி இருக்கும். தரைக்கு மேலே நகர்த்திக்கொண்டே போனால், கீழே கேபிளோ குழாயோ இருக்கும் இடத்தில் கூவும். கூவிய இடமெல்லாம் ஸ்ப்ரே பெயின்டால் கோடு போட வேண்டும். மின்சாரத்துக்குச் சிவப்பு, குடிநீருக்கு நீலம், சாக்கடைக்குப் பச்சை, போனுக்கு ஆரஞ்சு. தோண்ட வருகிறவர்கள் கோட்டை விட்டுத் தள்ளித் தோண்ட வேண்டும். அவ்வளவுதான். இதில் புரியாமல் போவதற்கு என்ன இருக்கிறது என்று வேலைக்குச் சேர்ந்தபோது நினைத்தேன்.

கல்லூரியில் இந்தப் பாடம் வந்தபோது வகுப்பில் பாதிப் பேர் தூங்கினார்கள். எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. ஒரு ஊரின் அடியில் இருப்பதையெல்லாம் ஒரே படத்தில் கொண்டுவந்துவிட்டால் போட்ட ரோட்டைத் திரும்பத் திரும்ப வெட்ட வேண்டாம், நல்ல தண்ணீர் மண்ணுக்குள் வீணாகப் போக வேண்டாம், யாரும் சாக வேண்டாம். இவ்வளவு எளிமையான ஒன்றை ஏன் யாரும் செய்யவில்லை? இந்தக் கேள்வியை நான் திண்டிவனத்தில் ஒரு அலுவலகத்தில் கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். பழைய குழாய் வரைபடம் வேண்டும் என்று போயிருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்னை உட்காரச் சொன்னார், டீ வாங்கிக் கொடுத்தார், பிறகு சொன்னார்: "வரைபடம் எதுக்கும்மா? எல்லாம் மூணடி ஆழத்துல போவுது."

"எங்க சார் போவுது?"

"ரோட்டுக்கு அடியிலதான்."

இதற்கு மேல் என்ன கேட்பது? டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு தெரு. இருபுறமும் வீடுகள், நடுவில் ஒரு கார் போகிற அளவுக்கு ரோடு. அந்தத் தெருவில் புதுக் குடிநீர்க் குழாய் பதிக்க வேண்டியிருந்தது. ஜேசிபி உள்ளே நுழையாது என்பதால் ஆள் வைத்து கடப்பாரையால்தான் தோண்ட வேண்டும். நான் கருவியோடு நடந்து பார்த்ததில், கிழக்கு வரிசை வீடுகளின் படிகளை ஒட்டியபடி கருவி ஓயாமல் கூவியது. உயர் அழுத்த மின்சாரக் கேபிள். தெருவிளக்குக்குப் போகிற சின்னக் கம்பி இல்லை, ஒரு பேட்டைக்கே மின்சாரம் கொண்டுபோவது. அதன் மேல் கடப்பாரை இறங்கினால் பிடித்திருந்த ஆள் பிழைக்கமாட்டார். எனவே படிகளை ஒட்டி நீளமாக ஒரு சிவப்புக் கோடு இழுத்தேன். புதுக் குழாய்க்கான பள்ளம் மேற்குப் பக்கம். தோண்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: சிவப்புக் கோட்டுக்கு எதிர்ப்பக்கம் தோண்டுங்கள்.

தோண்ட இருந்தவர் ஒலக்கூர் பக்கத்துக்காரர். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன், அவர் என்னை மேடம் என்பார், ஆனால் அந்த மேடத்தில் எப்போதும் கொஞ்சம் கிண்டல் இருக்கும். பக்கத்துத் தெருக்களில் அவரோடுதான் வேலை செய்திருந்தேன். ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தால் அதை வைத்து வண்டி சீட்டைத் துடைப்பார். கேட்டால், "இத மாட்டிக்கினா கடப்பாரை கையில நிக்க மாட்டேங்குது மேடம், மீன் மாதிரி வழுக்குது" என்பார்.

முன்பெல்லாம் அவர் பயந்து பயந்துதான் தோண்டுவாராம். "ஒருவாட்டி பொறி பறந்து மீசை பொசுங்கிப் போச்சி. அன்னிலேர்ந்து தட்டித் தட்டித்தான் குத்துவேன். மேஸ்திரி திட்டுவாரு, இன்னாடா வூட்டுக் கதவா தட்டுறன்னு." பிறகு ஒருநாள் பள்ளத்தில் நின்றபடி அவர் சொன்னதைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. "இப்ப இன்னா பயம் மேடம்? உங்க கோடு கீது. கண்ண மூடிக்கினு குத்தலாம்."

அன்று விழுப்புரம் போகும்வரை பஸ்ஸில் என் முகத்தில் சிரிப்பு இருந்தது. பக்கத்தில் மல்லாட்டைக் கடலை மூட்டையோடு உட்கார்ந்திருந்தவர் இரண்டுமுறை தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த அந்தத் தெருவில் மட்டும் கோடு நிற்கவில்லை.

முதல் முறை போட்டுவிட்டு மறுநாள் காலை போனால் கிழக்கு வரிசையில் சாணி தெளித்து, கோலம் போட்டு, தெரு பளிச்சென்று இருந்தது. கோட்டைக் காணோம். அந்தப் பெயின்ட் சாணித் தண்ணீருக்கெல்லாம் போகாது. மண்ணெண்ணெயோ தின்னரோ ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்திருக்க வேண்டும். அவ்வளவு உழைப்பு! கோடு எங்கே என்று கேட்டால், "எந்தக் கோடு?" என்றார்கள். மறுபடி போட்டேன். மறுபடி, எந்தக் கோடு?

மூன்றாவது முறை போட்டுக்கொண்டிருக்கும்போது கிழக்கு வரிசையில் மூலை வீட்டு அம்மா படியிறங்கி வந்து என் பக்கத்தில் குந்தினார். மாலை நேரம். வாசலிலேயே இட்லிக் கடை போடுகிறவர், மாவு கரைத்த கையோடு வந்திருந்தார்.

"ஏம்மா, உண்மைய சொல்லு. எங்க வூட்ட எவ்ளோ தூரம் இடிப்பீங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரும்மா இடிக்கப் போறாங்க?"

"எங்க அக்கா வூட்டுலயும் இப்படித்தான். ஒருத்தன் வந்தான், சிவப்புல கோடு போட்டான். ஒண்ணுமில்லம்மா, சும்மா அளவுன்னு சொன்னான். அடுத்த மழைக்குள்ள பாதி வூடு ரோட்டுக்குப் போச்சி. இப்ப சமையக்கட்டுலேர்ந்து எட்டிப் பார்த்தா லாரி வருது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்தப் பக்கத்து மக்கள் ரோட்டில் சிவப்புக் கோட்டை ஒரே ஒரு காரியத்துக்குத்தான் பார்த்திருக்கிறார்கள், சாலை அகலப்படுத்தலுக்கு. கோடு விழுந்தால் வீடு விழும். கோட்டை அழித்துவிட்டால், வருகிறவன் குழம்பிப் போய்விடுவான், வீடு தப்பிக்கும்.

நானும் கீழே குந்தி, கருவியைக் காட்டி, கூவ வைத்து, கேபிளைப் பற்றிச் சொன்னேன். இது எடுப்பதற்கான கோடு இல்லை, தொடாமல் இருப்பதற்கான கோடு என்றேன். என் கல்லூரி ஆசிரியர் கேட்டிருந்தால் கைதட்டியிருப்பார். அந்த அம்மா முழுவதும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப ஏன் சிவப்பு?"

"சிவப்புன்னா கரண்டும்மா. உலகம் பூரா அப்படித்தான்."

"மஞ்சள்ல போடேன். மங்களகரமா இருக்கும்."

எதிர் வரிசையில் லுங்கியை மடித்துக் கட்டி நின்ற பெட்டிக்கடைக்காரர் குரல் கொடுத்தார். "வெள்ளையில போடு பாப்பா. கோலத்தோட கோலமா போயிடும், ஒருத்தருக்கும் பேஜாரு இல்ல."

"உனக்கின்னாய்யா, கோடு எங்க பக்கம்தானே கீது. நீ பேசுவே" என்றார் அந்த அம்மா.

"அளவு எடுக்க வர்றவன் எவன்மா உண்மைய சொல்லிக்கினு வர்றான்?" என்று அவர் சிரித்தார். யாருக்கு ஆதரவாகச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"சத்தியமா வீட்டத் தொட மாட்டாங்கம்மா. நாளைக்குக் காலையில தோண்ட வர்றாங்க. இந்த ஒரு ராத்திரி மட்டும் கோட்ட விட்டுடுங்க" என்று கெஞ்சினேன். "அழிக்கல போ" என்றார். ஒரு கல்லூரிப் பட்டதாரி ஒரு கோட்டுக்காக இவ்வளவு கெஞ்ச வேண்டுமா என்று கடுப்பு. ஆனாலும், வாங்கிய வாக்கை நம்பி பஸ் ஏறினேன்.

மறுநாள் சீக்கிரமே கிளம்பினேன். பஸ் திண்டிவனத்துக்குள் நுழையும் இடத்தில் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால், வேறு யாரோ வேறு எதற்கோ தோண்டிய ஜேசிபி குடிநீர்க் குழாயைக் கிழித்திருந்தது. தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு டேங்க் அளவு நல்ல தண்ணீர் சாக்கடையைத் தேடிப் போகிறது. ஓட்டுநர் என்ஜினை அணைத்துவிட்டார். கண்டக்டர், "இறங்கிக் குளிக்கிறவங்க ஜல்தியா குளிச்சிட்டு வாங்க, டிக்கெட்ல சேராது" என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்கு அழுகைதான் வந்தது. நான் சொன்னால் கேட்கிறார்களா?

அப்போது மேஸ்திரியின் போன் வந்தது. "மேடம், ஆளு வந்தாச்சி. ஆரம்பிச்சிடலாமா?"

"கோடு இருக்கா?"

"பளிச்சுனு கீது மேடம்."

"நிஜமாவா? அழிக்கலையா?"

"போட்டது போட்ட மாதிரி கீது."

எனக்கு அந்த இட்லிக்கடை அம்மாவைக் கட்டிப்பிடித்துக் கொள்ளலாம் போல இருந்தது. பேசினேன், புரிந்துகொண்டார், கோடு நின்றது. இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "சரி, ஆரம்பிங்க. கோட்டுக்கு எதிர்ப்பக்கம். கோட்டுக்கிட்ட போகவே கூடாது. எதுக்கும் ஒரு போட்டோ அனுப்புங்க" என்றேன்.

போட்டோ கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி வந்து திறந்தது. தெரு. நீளமாகச் சிவப்புக் கோடு. கோட்டுக்குப் பக்கத்திலேயே அடிகுழாய்.

அடிகுழாய் மேற்கு வரிசையில் இருக்கிறது. பெட்டிக்கடைக்குப் பக்கத்தில். நான் கோடு போட்டது கிழக்கில்.

கோட்டை யாரும் அழிக்கவில்லை. எதிர்ப்பக்கத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

அப்படியென்றால் அண்ணன் இப்போது கோட்டுக்கு எதிர்ப்பக்கம், கிழக்கில், நேராகக் கேபிளின் மேல் நின்று தோண்டிக்கொண்டிருப்பார். கண்ணை மூடிக்கொண்டு குத்துவார். அந்தத் தெருவை அவரும் மேஸ்திரியும் இதற்கு முன் பார்த்ததில்லை. கோடு எங்கே இருந்தது என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

மேஸ்திரிக்குப் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. அண்ணனுக்குப் போட்டேன். வேலைக்கு இறங்கினால் அவர் சட்டையைக் கழற்றி வண்டியில் மாட்டிவிடுவார், போன் அந்தச் சட்டையில் இருக்கும், தெரிந்தே போட்டேன். பஸ்ஸிலிருந்து இறங்கி, தண்ணீரில் நனைந்தபடி அந்தப் பக்கம் ஓடி ஒரு ஆட்டோவைப் பிடித்தேன். "வேகமா போங்கண்ணா" என்றால், "எங்கம்மா போறது, ஊரு பூரா தோண்டிப் போட்டுக்கினு கீறானுங்க" என்று ஒவ்வொரு பள்ளத்தையும் எனக்கு அறிமுகப்படுத்தினார். எல்லாப் பள்ளங்களுக்கும் அவரிடம் ஒரு கெட்டவார்த்தை இருந்தது. வழியெல்லாம் மேஸ்திரிக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். அந்த மணிச்சத்தம் எனக்கு இப்போதும் காதில் கேட்கும்.

தெருமுனையிலேயே தெரிந்தது. கிழக்கு வரிசையில், இட்லிக்கடைப் படிக்கு முன்னால், முழங்கால் ஆழப் பள்ளத்தில் அண்ணன் நின்றார். கடப்பாரை தலைக்கு மேலே போயிருந்தது.

"அண்ணே! குத்தாதீங்க! அத ஓரமா வைங்க!"

இவ்வளவு சத்தம் என்னிடம் இருப்பது எனக்கே தெரியாது. கடப்பாரை அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாக ஓரமாகச் சாய்த்து வைத்தார்.

"இன்னா மேடம், நீங்க லேட்டா வந்துட்டு எங்கள மெரட்டுறீங்க? அரை மணி நேரம் முன்ன வந்திருந்தா டீயாவது வாங்கிக் குடுத்திருப்பேன்."

"வெளிய வாங்கண்ணே. எதையும் தொடாம வாங்க."

"இருங்க, ஒரு நிமிஷம். இங்க செங்கல்லா வருது. பழைய வூட்டு அஸ்திவாரம் போல. ரெண்டு பேத்துட்டேன், இன்னும் வரிசையா அடுக்கிக் கீது பாருங்க." கையில் அரைச் செங்கல்லை எடுத்துக் காட்டினார்.

அது அஸ்திவாரம் இல்லை. பூமிக்குள் மின்சாரக் கேபிள் பதிக்கும்போது மேலே மணல் பரப்பி, அதன் மேல் செங்கல் அடுக்குவார்கள். பின்னால் யாராவது தோண்டினால் கேபிளுக்கு முன் செங்கல் வந்து தடுக்கட்டும் என்று. செங்கல்லுக்குக் கீழே மணல். மணலுக்குக் கீழே அது.

அவர் ஏறி வந்தார். நான் பையிலிருந்து கருவியை எடுத்து, பள்ளத்துக்கு மேலே நீட்டினேன். கூவிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தின் அர்த்தம் அவருக்குத் தெரியும், எவ்வளவோ தடவை கிண்டலடித்திருக்கிறார்.

"இதுக்குக் கீழயா மேடம்?"

"ஆமாண்ணே."

"எவ்ளோ கீழ?"

நான் கையை விரித்துக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே காட்டினேன். அவர் தன் கடப்பாரையின் முனையைப் பார்த்தார். பிறகு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கோடு அந்தாண்ட கீதே மேடம்" என்றார், குழந்தை புகார் சொல்வது போல.

நான் அந்தப் பக்கம் போய்க் கோட்டைத் தேய்த்தேன். விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. என் பெயின்ட் ஒட்டாது. இது காவி. வாசற்படிக்குப் பட்டை அடிக்கிற காவியைக் குழைத்து, துணியாலோ பிரஷ்ஷாலோ, கொஞ்சமும் வளையாமல், என்னைவிட அழகாக இழுத்திருந்தார்கள். அம்மாடி, நான் போட்டிருந்த அம்புக்குறியைக்கூட விடாமல் போட்டிருந்தார்கள். மேஸ்திரி போனைச் சட்டைப்பையில் வைத்தபடி டீக்கடையிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்தார். "இன்னா மேடம், கோடு கரெக்டா கீதுல்ல?" என்றார். நான் பதில் சொன்னால் வேலை போய்விடும் என்பதால் சொல்லவில்லை.

தெருவே கூடிவிட்டது. பெட்டிக்கடைக்காரருக்கு விஷயம் புரிய வந்ததும் லுங்கி இறங்கி மறுபடி ஏறியது.

"உன் வூடு நிக்கணும்னா என் கடை இடியணுமா? நல்லா கீதே நியாயம்!"

"நான்தான் போட்டேன்னு நீ பார்த்தியா?" என்றார் இட்லிக்கடை அம்மா.

"தெருவுல எவ வூட்டுப் படிக்கு காவி இம்மாம் புதுசா கீது? பொங்கலா, தீவாளியா இப்ப?"

எல்லோரும் அந்தப் படிகளைப் பார்த்தார்கள். ஈரம்கூடக் காயவில்லை. அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "அழிக்க மாட்டேன்னுதானே சொன்னேன். அழிச்சேனா? மேல சாணி மெழுகிட்டு எதிர்க்க போட்டேன். அவன் மாடி வூடு கட்டி வெச்சிருக்கான், ரெண்டடி போனா இன்னா கொறஞ்சிடும்னு நெனச்சேன்."

"என்னாது!" என்று பெட்டிக்கடைக்காரர் பாய, இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

நான் கத்தியிருக்க வேண்டும். கத்துவதற்கு வேண்டிய எல்லாம் தொண்டையில் தயாராக இருந்தது. அதற்குள் அண்ணன் எழுந்து போய் அந்த அம்மாவுக்கு முன்னால் நின்றார். அரைச் செங்கல் இன்னும் கையிலேயே இருந்தது.

"ஏம்மா. இன்னும் ஒரு குத்து குத்தியிருந்தா என்னத் தூக்கிக்கினு போயிருப்பாங்க. உங்க வாசல்லேர்ந்தே."

அந்த அம்மா பள்ளத்தைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். "எனக்கு இன்னாப்பா தெரியும். எனக்கு இந்த வூடுதான் தெரியும்" என்றார். அண்ணன் வாங்கிக் குடித்தார்.

பெயர்த்த செங்கல்லை இருந்த இடத்திலேயே அடுக்கி, மின்சாரத்துக்காரர்களுக்குத் தகவல் சொல்லி, அவர்கள் வந்து பார்த்துச் சரியென்ற பிறகு பள்ளத்தை மூடினோம். மேற்குப் பக்கம் வேலையைத் தொடங்க வேண்டும். நான் மறுபடி கருவியைப் பிடித்து நடந்து, மறுபடி சிவப்புக் கோடு இழுத்தேன். அண்ணன் கடப்பாரையைத் தொடவில்லை.

"கோட்ட நம்பி இனிமே நான் குத்த மாட்டேன் மேடம்."

"அண்ணே, இப்ப போட்டது நானே போட்டது. உங்க கண்ணு முன்னால."

"மத்தியானம் சாப்புடப் போவேன். வந்து பார்த்தா எங்க கீதோ?"

"ரோட்டுல ஆணி அடிச்சிடறேன்."

"ஆணியப் புடுங்க எவ்ளோ நேரமாவும்? இவங்க கேபிளையே புடுங்கி எதிர்க்க வெப்பாங்க."

முதலில் சின்னச் சோதனைக் குழி எடுத்துக் கண்ணால் பார்த்துவிட்டே தோண்டலாம், ஒவ்வொரு இடத்தையும் போட்டோ எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளலாம், இரண்டு சுவர்களிலிருந்தும் அளந்து எழுதிவைக்கலாம் என்று எனக்குத் தெரிந்த எல்லா வழியையும் சொன்னேன். எல்லாம் சரியான வழிகள்தான். அவர் தலையை ஆட்டியபடியே இருந்தார்.

"அதெல்லாம் பண்ணுங்க. கூடவே நீங்க நில்லுங்க. கேபிள் மேல, நேரா. நான் தோண்டி முடிக்கிற வரைக்கும் நகரக் கூடாது. கோட்ட அழிச்சி அந்தாண்ட வரையலாம். உங்கள அப்படிப் பண்ண முடியாதுல்ல?"

நாலு வருஷம் சிவில் படித்துவிட்டு ரோட்டில் கோடு போடுகிறவளாக இருந்த நான், அன்றிலிருந்து கோடாகவே ஆனேன். வெயிலில், கையில் கருவியோடு, இட்லிக்கடைப் படிக்கு முன்னால் நின்றேன். அண்ணன் எதிர்ப்பக்கம் பள்ளத்தில் இருந்து தலையைத் தூக்கித் தூக்கி நான் நிற்கிறேனா என்று பார்த்துக்கொண்டார். பார்த்த பிறகுதான் ஒவ்வொரு முறையும் குத்தினார். இதைக் கம்பெனியில் எப்படிச் சொல்வது, இதற்கு எந்தப் பாடத்தில் பெயர் இருக்கிறது என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை சூடானதுதான் மிச்சம். ஆனால் நகரவில்லை.

உச்சி வெயிலில் இட்லிக்கடை அம்மா எட்டிப் பார்த்தார். என் தலைமேல் பிடித்துக்கொள்ள ஒரு குடையைக் கொடுத்தார். கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்றார். பிறகு யாருக்கும் கேட்காமல் மெதுவாகச் சொன்னார்.

"கோச்சிக்காதம்மா. கொஞ்சம் அந்தாண்ட தள்ளி நின்னா இன்னா?"

"நான் நகர்ந்தா கோடும் நகர்ந்த மாதிரிம்மா."

"அதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.